குன்னூர்: மேலே பங்களா... கீழே மார்க்கெட்! ஒரே ஊர் இரண்டாக நிற்பது ஏன்?

குன்னூருக்கு இரண்டு முகவரி உண்டு. ஒன்று லோயர் குன்னூர். ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்ட், நகராட்சி மார்க்கெட், ஆற்றை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும் வீடுகள் எல்லாம் இங்கேதான். இன்னொன்று அப்பர் குன்னூர். சிம்ஸ் பூங்கா, பெட்போர்டு, மரங்களுக்குள் மறைந்து நிற்கும் பழைய பங்களாக்கள். கீழேயிருந்து மேலே ஆட்டோவில் போக சில நிமிடம் போதும். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் வீட்டின் அளவு, காம்பவுண்டு சுவரின் நீளம், தெருவின் சத்தம் எல்லாமே மாறிவிடும்.

சீசன் நேரத்தில் நீலகிரி என்றாலே டிராபிக், இ-பாஸ், ஹோட்டல் வாடகை என்றுதான் செய்தி வரும். அதற்குப் பின்னால் அதிகம் பேசப்படாத ஓர் எண்ணிக்கை இருக்கிறது. 2001 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்ட மக்கள்தொகை 7,62,141. 2011ல் அது 7,35,394. அந்தப் பத்து ஆண்டுகளில் தமிழ்நாட்டிலேயே மக்கள்தொகை குறைந்த ஒரே மாவட்டம் இதுதான். ஊரே வந்து குவியும் மலையில், அந்த ஊர்க்காரர்களின் எண்ணிக்கை மட்டும் குறைகிறது. பங்களா வாங்க ஆள் வரிசையில் நிற்கிறார்கள். வேலை தேடிக் கீழே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இந்த முரண்பாடு எங்கே ஆரம்பித்தது?

ஏக்கர் ஒரு ரூபாய்!

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819ல் நீலகிரிக்கு ஏறி வந்தார். கோத்தகிரி பக்கம் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இன்றும் நினைவகமாக நிற்கிறது. பிறகு அவர் ஊட்டிக்கு நகர்ந்தார். தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் என்ற கணக்கில் நிலம் வாங்கி, 1822ல் ‘ஸ்டோன் ஹவுஸ்’ கட்டத் தொடங்கினார். இன்று ஊட்டியில் ஒரு சென்ட் என்ன விலை என்று விசாரித்தவர்களுக்கு இந்த ஒரு ரூபாய் கணக்கு வயிற்றெரிச்சலைக் கிளப்பலாம். தோடர், கோத்தர், படுகர், குறும்பர், இருளர் என்று அங்கே ஏற்கெனவே மக்கள் வாழ்ந்த மலை அது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்கணும்.

ஆரம்பத்தில் மலைக்கு வழி கோத்தகிரி பக்கம்தான். 1830களின் தொடக்கத்தில் குன்னூர் வழியாகப் புதிய மலைப்பாதை போடப்பட்டதும் கதை மாறியது. ஊட்டிக்குப் போகிற யாரும் குன்னூரைத் தாண்டித்தான் போகணும் என்ற நிலை வந்தது. 1899ல் மேட்டுப்பாளையத்திலிருந்து பல்சக்கர ரயில் குன்னூரை எட்டியது. ஊட்டி வரை தண்டவாளம் போய்ச் சேர்ந்தது 1908ல். அதாவது கிட்டத்தட்ட ஒன்பது ஆண்டுகள் குன்னூர்தான் கடைசி ஸ்டேஷன். சரக்கு இறங்குவது இங்கே, வண்டி மாறுவது இங்கே, சுமை தூக்க ஆள் தேவைப்படுவதும் இங்கே.

ரயிலும் ரோடும் வந்து நிற்கும் இடம் பள்ளத்தில். அதனால் கடை, கிடங்கு, வண்டிக்காரர்கள், கூலி வேலைக்கு வந்தவர்கள் எல்லாம் பள்ளத்தைச் சுற்றியே குடியேறினார்கள். நல்ல காற்று, வெயில், பள்ளத்தாக்கைப் பார்க்கிற ஜன்னல் எல்லாம் மேட்டில். அது துரைமார்களுக்கு. மேடு யாருக்கு, பள்ளம் யாருக்கு என்று பர்ஸின் கனம் தீர்மானித்துவிட்டது.

ஊட்டி வேற, குன்னூர் வேற

வெளியூர்க்காரர்கள் ஊட்டியையும் குன்னூரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுவார்கள். உண்மையில் இரண்டும் வேறு குணம் கொண்ட ஊர்கள்.

ஊட்டி, சென்னை மாகாணத்தின் கோடைக்காலத் தலைநகரம். கவர்னர் வருவார், அவர் பின்னால் அதிகாரிகள் வருவார்கள், அவர்கள் பின்னால் சமஸ்தான மன்னர்கள் வருவார்கள். மைசூர் மன்னருக்கு ஃபெர்ன்ஹில் அரண்மனை, ஜோத்பூர் மன்னருக்கு அரன்மோர் அரண்மனை. இந்த அரன்மோர்தான் இன்று ‘தமிழகம்’ என்ற பெயரில் அரசு விருந்தினர் மாளிகையாக இருக்கிறது.

குன்னூரில் இந்த ஆடம்பரம் கிடையாது. இது தோட்ட முதலாளிகளின் ஊர், ராணுவத்தின் ஊர். பக்கத்திலேயே வெலிங்டனில் 1850களில் பாரக்ஸ் எழுந்தது. 1874ல் சிம்ஸ் பூங்கா. தென்னிந்தியத் தோட்ட அதிபர்களின் சங்கமான உபாசி 1893ல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இன்றுவரை அப்பர் குன்னூரில்தான். 1907ல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்தது. பூங்கா, கிளப், சர்ச், ஆராய்ச்சி நிலையம் என்று மேட்டில் ஒரு தனி உலகமே உருவானது. அதிகம் சத்தம் போடாத பணம் அது.

1947க்குப் பிறகு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கொஞ்சம் கொஞ்சமாக விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். பங்களாக்கள் கை மாறின, ஆனால் குணம் மாறவில்லை. காரணம் ராணுவம். பிரிவினையின்போது குவெட்டாவிலிருந்த ஸ்டாஃப் காலேஜின் இந்தியப் பிரிவு 1947ல் வெலிங்டனுக்கு வந்தது. இங்கே படித்த, பாடம் நடத்திய அதிகாரிகளில் பலர் ரிடையர் ஆனதும் திரும்பி வந்து குன்னூரிலேயே வீடு போட்டார்கள். பீல்ட் மார்ஷல் சாம் மானெக்‌ஷா தன் ஓய்வுக்காலத்தைக் கழித்தது குன்னூரில்தான். 2008 ஜூனில் வெலிங்டன் ராணுவ மருத்துவமனையில் காலமானார். உடல் அடக்கம் செய்யப்பட்டது ஊட்டி பார்சி கல்லறையில்.

அடுத்த அலை ஐடி காசு. பெங்களூரு, சென்னை, கோவை என்று மூன்று பக்கமிருந்தும் வந்தது. கொரோனாவுக்குப் பின் ‘வீட்டிலிருந்தே வேலை’ பழகியதும் மலையில் ஒரு வீடு என்பது பலருக்குக் கனவானது. இந்த வீடுகளில் பல, வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டியே கிடக்கின்றன. வாட்ச்மேன், தோட்டக்காரர், சமையல்காரர் மட்டும் தினமும் கீழேயிருந்து ஏறிப் போய் வருகிறார்கள்.

தேயிலைக்கு விலை இல்லை, தேயிலை நிலத்துக்கு விலை உண்டு

இந்த மலையின் பணத்துக்கு அடித்தளம் தேயிலை. ஆனால் தேயிலைக்காரர்கள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை.

1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து லட்சக்கணக்கான மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் ஆரம்பமானது. அதுதான் பின்னால் டேன்டீ ஆனது. அதன் தலைமை அலுவலகமும் குன்னூரில்தான். கண்டியில் கொழுந்து பறித்த கைகள், கூடலூரிலும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் அதே கொழுந்தைப் பறித்தன. டேன்டீ நஷ்டத்தில் ஓட, 2022ல் சுமார் 2,152 ஹெக்டேர் நிலத்தை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. ஓய்வுபெற்ற தொழிலாளர்கள் லைன் வீட்டைக் காலி செய்தால் எங்கே போவது என்ற கேள்வி அப்போதுதான் பெரிதாக வெடித்தது. தலைமுறை தலைமுறையாக அந்த மலையில் வாழ்ந்தவர்கள் பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை.

இன்னொரு பக்கம் சிறு விவசாயிகள். நீலகிரியில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு தேயிலை விவசாயிகள் இருக்கிறார்கள். இவர்களில் பெரும்பாலோர் படுகர்கள். பச்சைத் தேயிலை விலை பல ஆண்டுகள் கிலோவுக்கு 20 ரூபாய்க்குக் கீழேயே கிடந்தது. உற்பத்திச் செலவோடு பாதியைச் சேர்த்து 33 ரூபாய் 50 காசு வேண்டும் என்று கேட்டு 2023ல் ஊர் ஊராக உண்ணாவிரதம் நடந்தது. ஏல மையம் குன்னூரில், தொழிற்சாலைகள் சுற்றிலும், ஆனால் கொழுந்து பறிக்கும் கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்பதுதான் அவர்களின் புகார்.

இங்கேதான் கதை முடிச்சுப் போடுகிறது. தேயிலை விற்று மகளுக்குக் கல்யாணம் செய்ய முடியாத விவசாயிக்கு, அதே நிலத்தை ‘பள்ளத்தாக்கு வியூ’ என்று சொல்லி விற்றால் கை நிறையப் பணம் கிடைக்கும். அவர் விற்பதைக் குறை சொல்ல முடியுமா?

பெரிய எஸ்டேட்டுகளுக்கு ஒரு கடிவாளம் இருக்கிறது. தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் 1961, தேயிலைத் தோட்டங்களுக்கு விலக்கு அளித்தது. சாதாரண விவசாயியிடம் இருக்கக்கூடிய நிலத்துக்கு வரம்பு உண்டு. தோட்டம் என்பதால் மட்டுமே எஸ்டேட் முதலாளி நூற்றுக்கணக்கான ஏக்கர் வைத்திருக்க முடிகிறது. தேயிலையைப் பிடுங்கிவிட்டு ரிசார்ட் கட்டினால் அந்த விலக்கின் நியாயமே அடிபட்டுப் போகும். ஆனால் சிறு விவசாயி உச்சவரம்புக்குள்ளேயே இருப்பவர். அவர் நிலம் துண்டு துண்டாகக் கைமாறும்போது இந்தச் சட்டம் குறுக்கே வருவதில்லை.

7 மீட்டர் விதி யாரைக் காப்பாற்றுகிறது?

‘சரி, மலையில் இஷ்டத்துக்குக் கட்டிவிட முடியுமா?’ என்று கேட்டால், முடியாது. 1990ல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் அமைக்கப்பட்டது. 1993ல் மாஸ்டர் பிளான் வந்தது. கட்டடத்தின் உயரம் 7 மீட்டரைத் தாண்டக் கூடாது. ஜேசிபி வைத்து மண்ணைத் தோண்ட அனுமதி வேண்டும். போர்வெல் போடவும் கட்டுப்பாடு.

இந்த விதிகள் இல்லாவிட்டால் குன்னூர் இன்று அடுக்குமாடிக் காடாகியிருக்கும். அதில் சந்தேகமில்லை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. புதுசாகக் கட்டுவது கஷ்டம் என்றால், ஏற்கெனவே கட்டி முடித்த பங்களாவுக்கு மவுசு தானாக ஏறும். 100 வருஷத்துக்கு முன் வெள்ளைக்காரர் கட்டிய வீட்டுக்கு இன்றைய விதி இலவசமாக மதிப்புக் கூட்டுகிறது. ரிசார்ட் முதலாளிக்குக் கன்சல்டன்ட் இருப்பார், வக்கீல் இருப்பார், இரண்டு மூன்று வருஷம் காத்திருக்கப் பணம் இருக்கும். ஒரு சென்ட், இரண்டு சென்ட்டில் வீடு போட நினைக்கும் டிரைவருக்கு இது எதுவும் கிடையாது. அவர் ஒன்று அனுமதி இல்லாமல் சரிவில் கட்டுவார், இல்லை மேட்டுப்பாளையத்துக்கோ காரமடைக்கோ இறங்கிவிடுவார்.

சரிவில் கட்டுவதன் விலையை மலை ஏற்கெனவே காட்டியிருக்கிறது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டம் முழுக்க நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். நீலகிரியில் 283 இடங்கள் அபாயகரமானவை என்று பருவமழைக்கு முன் மாவட்ட நிர்வாகம் அறிவிப்பது வழக்கம். 2024 ஜூலையில் மலைக்கு அந்தப் பக்கம் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை புதைந்த பிறகு இந்த எண்ணைப் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. ஒரே மழைதான் என்றாலும், நல்ல தடுப்புச்சுவர் கட்டி மேட்டில் நிற்கும் பங்களாவும், ஓடைக்கரையில் தகரம் போட்ட வீடும் அதை ஒரே மாதிரி தாங்குவதில்லை.

தண்ணீரும் அப்படித்தான். ரேலியா அணையும் எமரால்டு திட்டமும் இருந்தும், கோடையில் குன்னூரின் பல வார்டுகளில் தினமும் குழாயில் தண்ணி வருவது கிடையாது. வசதியுள்ளவர் லாரி வரவழைத்துக்கொள்வார். மற்றவர் குடத்தோடு காத்திருப்பார்.

2021 டிசம்பர் 8ம் தேதி முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் சென்ற ஹெலிகாப்டர் காட்டேரி அருகே விழுந்தபோது, போர்வையோடும் தண்ணீரோடும் முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரம் மக்கள். அந்த ஒரு நாள்தான் நாடே இந்த ஊரின் பெயரைக் கேட்டது. குன்னூரின் சுற்றுலாப் பிரசுரங்களில் இப்படிப்பட்ட குடியிருப்புகளுக்கு இடம் இருப்பதில்லை.

வண்டிக்கு வரம்பு வந்தது, வீட்டுக்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 ஏப்ரலில் இருந்து சீசனில் வார நாட்களில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. டாக்ஸி ஓட்டுபவர், டீக்கடைக்காரர், காட்டேஜ் நடத்துபவர் என்று வருமானம் அடிபட்டவர்கள் எல்லாம் பள்ளத்து ஆட்கள். ஒருநாள் வந்து போகும் குடும்பத்துக்குக் கணக்கு வைக்கும் அரசிடம், பூட்டியே கிடக்கும் இரண்டாவது வீட்டுக்கு எந்தக் கணக்கும் இல்லை.

பணக்கார நிலத்தை அரசு தொடவே தொடாது என்றும் சொல்லிவிட முடியாது. 822 கோடி ரூபாய் குத்தகை பாக்கிக்காக, ஊட்டி நகரின் நடுவில் குதிரைப் பந்தயம் நடந்த சுமார் 52 ஏக்கரை 2024 ஜூனில் வருவாய்த்துறை மீட்டது. ஆனால் அது அரசு நிலம், குத்தகை பாக்கி. பட்டா உள்ள பங்களாவில் அந்த வழி கிடையாது.

இப்போதைக்கு குன்னூரில் சூடாக ஓடும் பேச்சு மார்க்கெட் பற்றித்தான். ஆற்றை ஒட்டிய பழைய நகராட்சி மார்க்கெட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும் என்பது திட்டம். தலைமுறைகளாகக் கடை நடத்தும் வியாபாரிகள் எதிர்க்கிறார்கள். கட்டி முடிக்கும் வரை நூற்றுக்கணக்கான கடைகளை எங்கே வைப்பது, திரும்ப வரும்போது வாடகை எவ்வளவு என்பதுதான் அவர்கள் கேட்பது. லோயர் குன்னூரில் அத்தனை கடைகள் போடும் அளவுக்குச் சமதளம் கண்டுபிடிப்பது சுலபமில்லை.