கைபேசி சொல்லும் பெயர் பதிவேட்டில் ஏறலாமா?

வரப்போரம் முளைத்துக் கிடக்கும் செடியைக் கைபேசியில் படம் பிடித்தால் அடுத்த நொடியே அதன் பெயர் திரையில் வந்து நிற்கிறது. ஐநேச்சுரலிஸ்ட், பிளான்ட்நெட், கூகுள் லென்ஸ் என்று இதற்கான செயலிகளுக்குப் பஞ்சமில்லை. செடி கொடிகளை ஏறெடுத்தும் பார்க்காதவர்கள்கூட இப்போது குனிந்து பார்க்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம்தான். ஆனால், அந்தப் பெயரை அப்படியே அரசு ஆவணத்தில் எழுதிவிடலாமா என்றால், கூடாது என்பதே நமது நிலைப்பாடு.

இங்கே ஆவணம் என்பது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டத்தின்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைத்து, அந்த ஊரின் செடி, கொடி, மரம், விலங்கு, அவற்றைப் பற்றி ஊராருக்குத் தெரிந்த செய்தி எல்லாவற்றையும் பதிய வேண்டும். பல ஆண்டுகள் கிடப்பில் கிடந்த வேலை இது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-இல் சொன்ன பிறகுதான் கோப்புகள் நகர்ந்தன. கெடுவுக்குப் பயந்து எழுதிய பதிவேடு எப்படி இருக்கும் என்பதை அரசு அலுவலகம் பக்கம் போய்வந்த எவரும் ஊகிக்கலாம். இனி இவற்றைத் திருத்தவும் புதுப்பிக்கவும் வேண்டும். பையில் கைபேசி இருக்கும்போது, படம் எடுத்து வந்த பெயரை எழுதிக் கணக்கை முடிக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

அதில் என்ன தவறு? கீழாநெல்லியையே பார்ப்போம். மஞ்சள் காமாலைக்கு ஊரறிந்த மூலிகை. அது முளைக்கும் அதே ஈரநிலத்தில், ஒரு சாண் தள்ளி, அதே சாயலில், அதே ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு சிற்றினங்களும் நிற்கும். நின்ற இடத்திலிருந்து எடுத்த படத்தில் எல்லாம் ஒரே பச்சை. காய்கள் இருப்பதோ இலைகளின் அடியில். கிளையைத் திருப்பிப் பிடித்தால்தான் சங்கதி தெரியும். கீழாநெல்லியான ஃபில்லாந்தஸ் அமாரஸ் என்றால் காய் சிறு காம்பில் தொங்கும், தோல் வழவழவென்று இருக்கும். ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்றால் காம்பு இல்லையென்றே சொல்லலாம், காயைத் தடவினால் சொரசொரக்கும். விதையைக் கைலென்ஸில் வைத்துப் பார்த்தால் முன்னதில் நெடுக்கு வரி, பின்னதில் குறுக்கு வரி. செயலிக்கு நாம் காட்டிய படத்தில் இதில் ஒன்றுகூட இல்லை. தென்னிந்திய மூலிகைச் சந்தையில் கீழாநெல்லி என்று விற்ற சரக்கை மரபணுச் சோதனைக்கு உட்படுத்தியபோது பிற ஃபில்லாந்தஸ் சிற்றினங்களும் கலந்திருந்தது தெரியவந்தது. செடியைக் கையில் எடுத்துப் பறிப்பவர்களுக்கே இந்தக் கதி.

செயலிகள் ஏமாற்றுகின்றன என்பது நம் வாதமல்ல. ஏற்கெனவே பெயரிடப்பட்ட லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகி, புதிய படம் எதற்கு நெருக்கமாக இருக்கிறது என்று அவை சொல்கின்றன. அதிகம் படம் பிடிக்கப்பட்ட சாலையோரப் பூக்களில் அவை பெரும்பாலும் தவறுவதில்லை. நம் ஊர்ப் புல்லையும் கோரையையும் யார் படம் எடுத்தார்கள்? போதிய படம் இல்லாத சிற்றினம் செயலியின் கணக்கிலேயே வராது. அதன் இடத்தில் எங்கோ இருக்கும் ஒன்றுவிட்ட உறவின் பெயர் வந்து உட்கார்ந்துவிடும். ஐநேச்சுரலிஸ்டில் மற்றவர்களும் பார்த்து ஒப்புக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால், ஒப்புக்கொள்கிறவரும் அதே படத்தைத்தான் பார்க்கிறார்.

பெயர் மாறினால் பணமும் இடம் மாறும். ஒரு நிறுவனம் ஓர் ஊரின் மூலிகையை எடுத்து வணிகம் செய்தால், அதன் பயனில் ஊருக்கும் பங்கு உண்டு என்கிறது சட்டம். அகத்தியமலையின் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து மருந்து உருவானபோது அவர்களுக்கும் பங்கு கிடைத்தது, இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே. நாளை இன்னோர் ஊர் அப்படிக் கேட்டுப் போகும்போது, பதிவேட்டில் இருப்பது வேறு செடியின் பெயர் என்றால் எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கு வேலை மிச்சம்.

ஆகவே விதி எளிமையாக இருக்கட்டும். படம் எடுங்கள், தாராளமாக எடுங்கள்: இலையின் அடிப்புறம், கணு, பூவின் பக்கவாட்டுத் தோற்றம், காய், அளவு தெரிய அருகில் ஓர் அடிக்கோல். உலர்ந்த மாதிரியில் மங்கிப்போகும் பூவின் நிறத்தைப் படம்தான் காப்பாற்றும். கூடவே பூவும் காயுமாக ஒரு கிளையைச் செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, இடமும் தேதியும் எழுதி, அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் சேர்க்க வேண்டும் (நாளிதழுக்கு இதைவிடக் கௌரவமான மறுவாழ்வு கிடையாது). மாதிரியின் எண்ணும், சரிபார்த்தவரின் கையொப்பமும் இல்லாத தாவரப் பெயர் பதிவேட்டில் ‘உறுதி செய்யப்படாதது’ என்றே நிற்கட்டும். அரிய செடியின் துல்லியமான இருப்பிடத்தைப் பொதுவெளியில் போடுவதும் கூடாது. அகத்தியமலையை விட்டால் வேறெங்கும் இல்லாத பாஃபியோபெடிலம் ட்ரூரி ஆர்க்கிட்டை, சேகரிப்போர் அழிவின் விளிம்புக்கே தள்ளியதை நாடு பார்த்திருக்கிறது.

சரிபார்க்க ஆள் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல அலுவலகமும் அதன் மெட்ராஸ் ஹெர்பேரியமும் (உலர்தாவரக் காப்பகம்) இருக்கின்றன. திருச்சி புனித வளனார் கல்லூரியில், தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பெருநூலாகத் தொகுத்த அருட்தந்தை கே.எம். மேத்யூ கட்டியெழுப்பிய ராபினாட் ஹெர்பேரியம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் தொகுப்பு இருக்கிறது. ஆனால் கேம்பிளின் ‘சென்னை மாகாணத் தாவரங்கள்’ நூலைக் கையில் வைத்துச் செடியை அடையாளம் காணத் தெரிந்த பேராசிரியர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெறுகிறார்கள். வகைப்பாட்டியல் படித்தால் வேலை கிடைக்காது என்று மாணவர்கள் வேறு பக்கம் போகிறார்கள். அவர்கள் மேல் பழியில்லை.

மாவட்டத்துக்கு ஒரு வகைப்பாட்டியலாளர் பணியிடம், மாதிரிகளைப் பாதுகாக்கும் கல்லூரிகளுக்கு ஆண்டு மானியம். மாநிலப் பல்லுயிர் வாரியத்திடம் நாம் கேட்பது இவ்வளவே. அதுவரை, பதிவேடு எழுதப் போகும் குழுவினர் கைபேசியோடு ஒரு கைலென்ஸையும் பையில் போட்டுக்கொண்டு போகட்டும்.