கம்பெனிக்கு வாழ்க்கைப்படாதீங்க கண்ணுகளா!

கவுன்சிலிங் முடிஞ்சு, ஃபீஸ் கட்டி, பெட்டி படுக்கையோட புள்ளைங்க ஹாஸ்டலுக்குக் கிளம்பற சீசன் வந்தாலே எல்லா வீட்லயும் ஒரு பட்டிமன்றம் நடக்கும். தலைப்பு: "காலேஜ் போற புள்ளைக்கு எந்த கம்பெனி சிம் நல்லது?" மாமா ஒரு கட்சி, சித்தப்பா ஒரு கட்சி. அப்பா மட்டும் "நம்ம வீட்ல எல்லாருக்கும் அதானே, அதையே போடு"ன்னு தீர்ப்பு சொல்லிட்டு பேப்பரை விரிச்சுடுவார்.

என்னைக் கேட்டா அந்தத் தலைப்பே தப்பு. நம்பர்தான் உங்களோட சொத்து. கம்பெனி அதுல வாடகைக்குக் குடியிருக்கற ஆளு. சரியா இல்லன்னா காலி பண்ணச் சொல்லணும். நாம என்னடான்னா வாடகைக்கு வந்தவனை வச்சுக்கிட்டு வீட்டை மாத்திக்கிட்டு இருக்கோம்.

காலேஜ் வாசல்ல அட்மிஷன் அன்னிக்கு கலர் குடையை விரிச்சுக்கிட்டு ஒருத்தர் உக்காந்திருப்பார் பாருங்க, என் முதல் கோபம் அந்தக் குடை மேலதான். "தம்பி, சிம் ஃப்ரீ, ஆதார் இருந்தா போதும், அஞ்சு நிமிஷம்"னு ஒரு புது நம்பரைக் கையில திணிச்சுடுவார். புள்ளைக்கு ஏற்கெனவே ஒரு நம்பர் இருக்கும். கவுன்சிலிங்குக்குப் பதிஞ்சது, பேங்க் கணக்குல இருக்கறது, ஆதார்ல இருக்கறது, ஸ்காலர்ஷிப்புக்குக் கொடுத்தது எல்லாமே அந்த நம்பர்தான். புது சிம் வந்ததும் அது மேஜை டிராயருக்குள்ள போயிடும். ரீசார்ஜும் இல்லாம உபயோகமும் இல்லாம கிடந்தா ஒருநாள் கம்பெனி அதைத் துண்டிச்சுடும். துண்டிச்சு 90 நாள் போனா வேற யாருக்கு வேணா அதே நம்பரைக் கொடுக்கலாம். அதுக்கப்புறம் உங்க புள்ளையோட ஓடிபி யார் ஃபோனுக்குப் போகும்னு நீங்களே யோசிச்சுக்குங்க.

அடுத்த வில்லங்கத்தை குடைக்காரர் சொல்லவே மாட்டார். புது சிம்மை 90 நாளைக்கு வேற கம்பெனிக்கு மாத்த முடியாது. என் அக்கா பையன் கோவையில சேர்ந்தப்ப இதான் நடந்தது. வாசல்ல அஞ்சு கோடும் முழுசா நின்ன சிம், ஹாஸ்டல் மூணாவது மாடி ரூமுக்குள்ள பொணமாயிடுச்சு. அம்மாகிட்ட பேசணும்னா ராத்திரி மொட்டை மாடிக்கு ஏறணும். அந்தக் கம்பெனியோட கஸ்டமர் கேர்ல "உங்க ஏரியால நல்ல கவரேஜ் இருக்கு சார்"னு பாட்டு மாதிரி ஒப்பிச்சாங்க. ஏரியாவுல இருக்கு சாமி, ரூமுக்குள்ள இல்லியே! மூணு மாசம் மொட்டை மாடிதான் கதி.

இத்தனைக்கும் அவன்கிட்ட இருந்த பழைய நம்பருக்கு இந்த 90 நாள் சிக்கல் கிடையாது. நம்பரை மாத்தாம கம்பெனியை மட்டும் மாத்தற வசதி 2011 ஜனவரி 20ல இருந்து நாடு முழுக்க இருக்கு. 2015 ஜூலைல இருந்து மாநிலம் விட்டு மாநிலம் போனாலும் உண்டு. போர்ட்னு டைப் பண்ணி, இடம் விட்டு உங்க நம்பரைப் போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்பினா ஒரு கோடு வரும். 4 நாளுக்குள்ள அதை எடுத்துக்கிட்டு புது கம்பெனி கடைக்குப் போனா, ஒரே வட்டத்துக்குள்ள 3 வேலை நாள்ல முடிஞ்சுடும். பழைய பேக்குல மிச்சம் இருக்கறது போயிடும், அதனால அது முடியற நேரம் பாத்துப் போங்க.

"ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அந்த கம்பெனிதான்"னு ஒரு வாதம் வரும். நம்ம காலத்துல அது நியாயம்தான் :-) அதே நெட்வொர்க்னா கால் சல்லிசு. அதுக்குத்தானே ரேட் கட்டர், பூஸ்டர் கார்டுன்னு தேடித் தேடிப் போட்டோம்? 2016 செப்டம்பர்ல ஜியோ வந்து அந்தக் கணக்கையே கலைச்சுடுச்சு. 2021 ஜனவரி 1ல இருந்து ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்குக் கொடுத்துக்கிட்டிருந்த கால் கட்டணமும் போயாச்சு. ஃப்ரெண்டு எந்த கம்பெனில இருந்தா நமக்கு என்ன?

"வருஷக்கணக்கா இருக்கோம், விசுவாசம்"னு சொல்றவங்களுக்கு ஒரே வார்த்தை: ஏர்செல். சிஎஸ்கே சட்டையில பேர் போட்ட, நம்ம ஊர்லயே பொறந்த கம்பெனி. 2018 பிப்ரவரில தமிழ்நாட்டுல சிக்னல் செத்து, ஜனங்க போர்ட் பண்ண அல்லாடினாங்க. அதே மாசக் கடைசில கம்பெனி திவால் மனு போட்டுடுச்சு. டாட்டா டோகோமோ, யூனினார், எம்டிஎஸ் எல்லாம் எங்கே? கம்பெனி போச்சு, ஆனா போர்ட் பண்ணினவங்க நம்பர் இன்னிக்கும் இருக்கு.

நிற்க. நம்பர் சொத்துன்னா, சொத்து யார் பேர்ல இருக்குன்னு பாக்க வேணாமா? 18 வயசு ஆகாதவங்களுக்கு சிம் கொடுக்கக் கூடாதுன்னு விதி. அதனால பாதிப் புள்ளைங்க நம்பர் அப்பா பேர்லதான் இருக்கும். அப்பா தூத்துக்குடில, புள்ளை வேலூர்ல. திங்கக்கிழமை ஃபோன் தொலைஞ்சா டூப்ளிகேட் சிம்முக்கு அப்பா வந்து நிக்கணும். வெள்ளிக்கிழமை பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள்னா ஓடிபிக்கு எங்க போறது? 18 முடிஞ்ச உடனே அப்பாவும் புள்ளையும் அடையாள அட்டையோட கம்பெனி கடைக்குப் போய்ப் பேரை மாத்திடுங்க. போர்ட் பண்றதுன்னா அதுக்கு அப்புறம் பண்ணுங்க, பேர் மாத்தம் நடந்துக்கிட்டிருக்கும்போது பண்ணினா நிராகரிச்சுடுவாங்க. கையோட, மத்திய அரசோட சஞ்சார் சாத்தி தளத்துல உங்க பேர்ல எத்தனை நம்பர் இருக்குன்னும் பாருங்க. குடைக்காரர்கிட்ட கைரேகை வச்சவங்க கட்டாயம் பாக்கணும்.

கடைசியா, இந்த 28 நாள் கூத்து. எந்தக் காலண்டர்லயாவது எல்லா மாசமும் 28 நாளா இருக்கா? 365ஐ 28ஆல வகுங்க, 13 ரீசார்ஜ். 84 நாள் பேக்கை "மூணு மாசம்"னு நம்பி நாலு தடவை போட்டா 336 நாள், வருஷத்துல 29 நாள் துண்டு விழுது. 30 நாள் பேக் ஒண்ணும், மாசா மாசம் அதே தேதில போடற பேக் ஒண்ணும் கட்டாயம் இருக்கணும்னு டிராய் 2022 ஜனவரில உத்தரவு போட்டுச்சு. டேட்டா இல்லாம பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் இருக்கற பேக் வேணும்னு 2024 டிசம்பர்ல சொல்லுச்சு, அடுத்த மாசமே அதுவும் வந்துடுச்சு. எந்தக் கடையிலயாவது இதையெல்லாம் உங்ககிட்ட முதல்ல எடுத்து நீட்டியிருக்காங்களா? ஹாஸ்டல்ல உருப்படியான வைஃபை இருந்தா தினம் 2 ஜிபி எதுக்கு? அந்தக் காசு மெஸ்ல சப்பாத்தி வேகாத அன்னிக்கு உதவும்.

ஆக, முதல் வாரம் புது சிம் எதுவும் வாங்காதீங்க. பழைய நம்பரோட போங்க. உங்க ரூம்லயே, உங்க கட்டில்லயே, ராத்திரி எல்லாரும் ஃபோனை நோண்டற நேரத்துல, வேற வேற கம்பெனி வச்சிருக்கற நாலு பேர் ஃபோனை வாங்கி வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பாருங்க. எதுல அம்மா குரல் வெட்டாம கேக்குதோ அதுக்கு மாத்துங்க. அடுத்த வருஷம் ரூம் மாறினா மறுபடி சோதிச்சுப் பாருங்க. வாடகைக்காரனுக்கு அந்த பயம் இருக்கணும். இருந்தாத்தான் ஒழுங்கா இருப்பான்.

டிஸ்கி: நான் எந்தக் கம்பெனி ஆளும் இல்லீங்கோ. அவங்கள்ல யாரும் என்னை அப்படிச் சேத்துக்கவும் மாட்டாங்க :-)