கல்லூரிப் பருவமும் பயிர்ப் பருவமும்

வேளாண்மைக் கல்லூரிகளில் புதிய கல்வியாண்டு தொடங்கும்போதெல்லாம் பத்திரிகைகளில் ஒரு செய்தி வரும். துணைவேந்தர் புதிய மாணவர்களை வரவேற்றுப் பேசினார், கல்லூரி முதல்வர் பாடத்திட்டத்தை விளக்கினார், பெற்றோர் திரளாகக் கலந்து கொண்டனர் என்று அதில் இருக்கும். சேத்துப்பட்டுப் பக்கம் இரண்டு ஏக்கர் கழனியும் அரை ஏக்கர் கொல்லையும் வைத்திருக்கும் விவசாயி, இது படித்தவர்கள் சமாசாரம் என்று அடுத்த பக்கத்தைப் புரட்டி விடுகிறார். அப்படி விட்டுவிடக் கூடாது. அங்கே தீர்மானிக்கப்படும் கால அட்டவணைக்கும் நம் வயலுக்கும் நேரடியான சம்பந்தம் இருக்கிறது.

முதலில் இந்தப் பல்கலைக்கழகம் எதற்காக ஏற்பட்டது என்பதை நினைவுபடுத்திக் கொள்வோம். 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் ஒரு விவசாயப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1906-ல் கோயம்புத்தூருக்குப் போய்க் கல்லூரியாக வளர்ந்தது. 1971 ஜூன் 1-ம் தேதி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. அமெரிக்காவில் 1862-ம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசு நிலம் கொடுத்து ஏற்படுத்திய கல்லூரிகளின் மாதிரியில்தான் நம் நாட்டு விவசாயப் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. கல்வி, ஆராய்ச்சி, விரிவாக்கம் ஆகிய மூன்றையும் ஒரே ஸ்தாபனம் செய்ய வேண்டும் என்பதே அந்த மாதிரியின் உயிர்நாடி. விரிவாக்கம் என்றால் கண்டுபிடித்ததை விவசாயியின் வரப்புக்குக் கொண்டு வந்து சேர்ப்பது. நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில் தொடங்கப்பட்டபோது, அதன் பொறுப்பு நம் கோவைப் பல்கலைக்கழகத்திடமே ஒப்படைக்கப்பட்டது.

நம் திருவண்ணாமலை மாவட்டத்துக்கும் 2014-ல் வாழவச்சனூரில் ஓர் அரசு வேளாண்மைக் கல்லூரி வந்தது. கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஆகவே கோவை வெகு தூரம் என்று சொல்லி ஒதுங்க இனி முடியாது. பல்கலைக்கழகம் நம் மாவட்டத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அது நம் ஊருக்குள் வருகிறதா என்பதுதான் கேள்வி.

மாணவர்கள் வரும் காலம்

விவசாயப் பட்டப்படிப்பு நான்கு வருஷம், எட்டு செமஸ்டர். இறுதி ஆண்டில் மாணவர்கள் சில வாரங்கள் கிராமங்களில் தங்கி விவசாயிகளுடன் பழக வேண்டும் என்பது கட்டாயம். இதைக் கிராமத் தங்கல் திட்டம் என்கிறார்கள். வட்டாரத்துக்கு ஒரு குழுவாக மாணவ மாணவிகள் வருவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். உப்புத் தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, அந்தக் கரைசலில் விதை நெல்லைப் போட்டுப் பதரைப் பிரித்துக் காட்டுவார்கள். மணிலா விதைக்கு ட்ரைக்கோடெர்மா கலந்து விதைநேர்த்தி செய்து காட்டுவார்கள். எல்லாம் நல்ல முறைகளே. ஆனால் காலம் தவறிச் செய்தால் பிரயோஜனமில்லை. கதிர் வாங்கி நிற்கும் கழனி வரப்பில் நின்று விதைத் தேர்வு செய்து காட்டினால், விவசாயி மரியாதைக்காகத் தலையாட்டுவார். போட்டோ எடுப்பார்கள். பத்திரிகையிலும் வரும். அடுத்த நாற்றங்கால் விடும்போது அந்த முட்டையும் உப்பும் யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது.

குற்றம் மாணவர்கள் மேல் இல்லை. அட்டவணை அவர்களை எப்போது அனுப்புகிறதோ அப்போதுதான் அவர்கள் வர முடியும். அந்த அட்டவணையைப் போடுகிறவர்கள் பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள். அவர்கள் பார்ப்பது செமஸ்டர், பரீட்சை, விடுமுறை ஆகியவற்றை. நாம் பார்ப்பது சொர்ணவாரி, சம்பா, நவரை. மானாவாரி மணிலாவுக்கு ஆடிப்பட்டம், இறவை மணிலாவுக்கு மார்கழிப் பட்டம். தமிழில் செமஸ்டருக்கும் பருவம் என்றுதான் பெயர்; பயிர்க் காலத்துக்கும் பருவம் என்றுதான் பெயர். பெயர் ஒன்றாக இருந்தும் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கொள்வதில்லை.

இரண்டையும் பொருத்த முடியும்

இது முடியாத காரியமல்ல. ஒரு செமஸ்டர் என்பது ஏறக்குறைய ஐந்து மாதம். கொத்து மணிலா 105 நாள் பயிர். கோ 51 நெல் 105 முதல் 110 நாள். அதாவது ஒரே செமஸ்டருக்குள் ஒரு மாணவன் விதைப்பு முதல் அறுவடை வரை ஒரு பயிரை முழுவதும் பார்த்துவிடலாம். ஆண்டின் நடுவில் தொடங்கும் செமஸ்டர் ஆடிப்பட்டத்தை ஒட்டி வருகிறது. அடுத்தது மார்கழி, தைப் பட்டத்தை ஒட்டி வருகிறது. இந்தப் பொருத்தத்தை உபயோகித்துக் கொள்ள வேண்டும் என்பதே என் யோசனை.

தொடர்ந்து ஐந்து மாதம் கிராமத்தில் தங்கச் சொல்லவில்லை. மற்றப் பாடங்கள் இருக்கின்றன, பரீட்சை இருக்கிறது, மாணவிகளுக்குப் பத்திரமான தங்குமிடம் வேண்டும். சில வாரத் தங்கல் அப்படியே இருக்கட்டும். அதோடு, ஒரே விவசாயியின் நிலத்துக்கு ஒரே மாணவர் குழு மூன்று தடவை வரட்டும். விதைக்கும்போது ஒரு தடவை, பயிரின் நடு வயதில் ஒரு தடவை, அறுவடையில் ஒரு தடவை.

மணிலாவையே உதாரணமாக எடுத்துக் கொள்வோம். நாற்பது, நாற்பத்தைந்தாம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும் என்பது பல்கலைக்கழகத்தின் சிபாரிசு. ஜிப்சத்தில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் காய் திரளவும், பருப்பு நிறைந்து எண்ணெய்ச் சத்து கூடவும் உதவுகின்றன. இதை எத்தனை துண்டுப் பிரசுரத்தில் அச்சிட்டாலும் கையில் காசில்லாத விவசாயி சந்தேகப்படத்தான் செய்வார். அவர் கொல்லையிலேயே பத்து சென்டில் ஜிப்சம் போட்டு, பக்கத்துப் பத்து சென்டில் போடாமல் விட்டு, பிடுங்கும் நாளில் மாணவர்கள் வந்து இரண்டையும் தனித்தனியே நிறுத்துக் காட்டட்டும். தராசு சொல்வதை யாரும் மறுக்க மாட்டார்கள். பலன் குறைவாக வந்தால் அதையும் மறைக்காமல் எழுதட்டும். இந்த மண்ணில் ஏன் குறைந்தது என்பது ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு நல்ல பாடம். மாணவன் ஒரு தடவை மட்டும் வந்து போனால் அந்தத் தராசு நாளை அவனும் பார்ப்பதில்லை, நாமும் பார்ப்பதில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது படிப்பவனுக்கு மட்டுமல்ல, படிப்பைத் திட்டமிடுகிறவருக்கும் பொருந்தும்.

கமிட்டிக்கும் வரட்டும்

இன்னொரு குறை. மாணவர்கள் பெரும்பாலும் வயலோடு நின்று விடுகிறார்கள். சிறு விவசாயி லாபம் பார்ப்பதும் நஷ்டப்படுவதும் வயலில் மட்டும் நடப்பதில்லை. சேத்துப்பட்டு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு, அதாவது நம் கமிட்டிக்கு, அறுவடைக் காலத்தில் வந்து குவியும் நெல் மூட்டைகளைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ஈரம் எவ்வளவு, கலப்பு எவ்வளவு, எந்த ரகம் என்பதைப் பொறுத்து விலை ஏறி இறங்குகிறது. அரசு கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதம் வரை என்பது பொது விதி. தன் நெல்லில் எத்தனை சதம் ஈரம் என்று தெரியாமலே மூட்டை கட்டி வண்டி ஏற்றுகிறவர்கள் அநேகம். விவசாயியின் களத்திலேயே ஈரமானியை வைத்து அளந்து, இன்னும் ஒரு நாள் காய வேண்டும் என்று மாணவர்கள் சொன்னால், அந்த ஒரு வார்த்தைக்குக் காசு மதிப்பு உண்டு. ஆகவே தங்கல் காலத்தில் சில நாட்களாவது விற்பனைக்கூடத்துக்கு என்று ஒதுக்க வேண்டும்.

யாரிடம் போகிறார்கள் என்பதும் முக்கியம். ரோட்டோரம், ஆழ்குழாய்க் கிணறு, பத்து ஏக்கர் என்று வசதி உள்ளவரின் தோட்டத்துக்குப் போவது சுலபம். ஏரிப் பாசனத்தையும் மழையையும் நம்பியிருப்பவரிடமும், களையெடுப்பு முதல் விதை சேமிப்பு வரை செய்யும் பெண்களிடமும் போனால்தான் நாட்டு விவசாயம் என்னவென்று அவர்களுக்குப் புரியும்.

நம் பங்கு

பல்கலைக்கழகத்தைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. வருகிற பிள்ளைகளுக்குக் காபி கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல் வேலை கொடுங்கள். முதல் வேலையாக மண் மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழிப் பக்கம் ஆகியவற்றை விட்டுவிட்டு, பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' எழுத்து வடிவில் அரையடி ஆழக் குழி வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்துக் கலந்து, நான்காகப் பகுத்துக் குறைத்து அரை கிலோ அனுப்ப வேண்டும். அறுவடை முடிந்து அடுத்த எரு போடுவதற்கு முன் எடுப்பது நல்லது. பரிசோதனை முடிவு வந்ததும் அதைப் படித்து, எந்த உரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுத் தரும்படி கேளுங்கள்.

கேள்விகளை முன்கூட்டியே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பதில் தெரியாவிட்டால் பேராசிரியரைக் கேட்டு அடுத்த தடவை வந்து சொல்லச் சொல்லுங்கள். அவர்கள் போகும்போது, செய்த சோதனை என்ன, பலன் என்ன என்று தமிழில் எழுதி ஒரு பிரதியை ஊராட்சி அலுவலகத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். கல்லூரியில் மார்க் வாங்க ஒரு ரிக்கார்டு எழுதுகிறார்களே, ஊருக்கும் ஒன்று இருக்கட்டும். அடுத்த வருஷம் வரும் குழு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.

கடைசியாக ஒரு விஷயம். அந்தக் கல்லூரி வகுப்பில் உட்காருவது நம் பிள்ளைகளாகவும் இருக்கலாம். 2021-ல் இயற்றிய தமிழ்நாடு சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு விவசாயம், கால்நடை மருத்துவம், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடம் முன்னுரிமையாக ஒதுக்கப்படுகிறது. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அதே ஆண்டு அறிவிக்கப்பட்டது. பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடம் எடுத்துப் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இதை இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஆரணித் தறியில் பாவு மட்டும் நீட்டி வைத்திருந்தால் சேலை ஆகாது. ஊடை குறுக்கே ஓட வேண்டும். பல்கலைக்கழகம் பாவைப் போட்டு வைத்திருக்கிறது. செமஸ்டர் அட்டவணையைக் கையெழுத்திடும் முன், துணைவேந்தரும் கல்லூரி முதல்வர்களும் அந்தந்த மாவட்டத்தின் பட்டங்களை ஒரு தடவை பார்க்கட்டும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாக நிறைவேற்றி, வாழவச்சனூர்க் கல்லூரி முதல்வருக்கு அனுப்பி வைப்பது நம் வேலை. ஆடிப்பட்டம் தேடி விதை என்பது நமக்கு மட்டும் சொன்ன பழமொழியாக இருக்க வேண்டியதில்லை.