ஸ்கோப்பா, கோட்டா?



யூனியன் நிதியில் ஒரு ஏர் ரைஃபிள் வாங்கி, துப்பாக்கி சுடும் போட்டிகளுக்கு நம் மாணவர்களைத் தயார் செய்யலாம் என்ற பேச்சு பலமாக அடிபடுகிறது. மனதார வரவேற்கிறேன். ஆனால் பேச்சை எடுத்தவுடனே எல்லோர் வாயிலும் வருவது, "எந்த ஸ்கோப் மச்சி வாங்கலாம்?" என்பதுதான். 9 மடங்கா 12 மடங்கா, 40 மில்லி லென்ஸா 50 மில்லியா என்று மெஸ்ஸில் பட்டிமன்றமே நடக்கிறது. சினிமாவில் வில்லன் மொட்டை மாடியில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்க்கிற காட்சி நம் மண்டையை விட்டுப் போகவில்லை போலும்! என் கருத்து இதுதான்: அந்த நிதியில் ஒரு பைசா கூட ஸ்கோப்புக்குப் போகக்கூடாது.

ஏன் என்று கேட்பீர்கள். ஒலிம்பிக்கில் உள்ள 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப் மாட்டிய துப்பாக்கியை உள்ளேயே விடமாட்டார்கள். சர்வதேச விதி அது. ஓடும் இலக்கைச் சுடும் போட்டிக்கு மட்டும் 4 மடங்கு வரை அனுமதி உண்டு. அந்தப் போட்டியும் 2004-உடன் ஒலிம்பிக்கிலிருந்து போய்விட்டது. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா கடைசிக் குண்டில் 10.8 எடுத்துத் தங்கம் வென்றாரே, அவர் துப்பாக்கியில் ஸ்கோப் கிடையாது. நம்ம கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2019-ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் வாங்கியதும் ஸ்கோப் இல்லாமல்தான்.

"அப்போ எப்படிப்பா குறி பாக்கறது?" பின்னால் ஊசித்துளை போல ஓட்டை போட்ட டயாப்டர், முன்னால் ஒரு வளையம். அவ்வளவுதான். இலக்கு மொத்தமே 45.5 மி.மீ.; அதில் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ.; நடுவே பத்து மதிப்பெண் புள்ளி வெறும் அரை மி.மீ. சுடுகிற பெல்லட்டோ 4.5 மி.மீ.! அந்தப் புள்ளியை யாரும் பார்த்துச் சுடுவதில்லை. கறுப்பு வட்டம் வளையத்துக்குள் உட்கார்ந்து, சுற்றிலும் வெள்ளை சமமாகத் தெரிந்தால் போதும். வட்டத்துக்குள் வட்டத்தை நடுவாக வைப்பதில் நம் கண் கெட்டிக்காரக் கண். லேத்தில் ஜாப்பை சென்டர் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஸ்கோப்போ நம் கை நடுக்கத்தையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும். புதுசாகச் சுடுகிறவன் பயந்துபோய், குறுக்குக் கம்பி நடுவைக் கடக்கிற நேரம் பார்த்து டிரிகரை வெடுக்கென்று இழுப்பான். குறி எங்கேயோ போகும்.

ஸ்கோப்பே கெட்டது என்று நான் சொல்லவில்லை. மேசைமேல் வைத்துச் சுடும் பெஞ்ச்ரெஸ்ட், ஃபீல்டு டார்கெட் போன்ற போட்டிகளில் ஸ்கோப்தான் ராஜா. சொந்தக் காசில் வாங்குகிறவர்கள் மடங்குக் கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். முதலில் பார்க்க வேண்டியது பாரலாக்ஸ். சாதாரண ஸ்கோப் 100 கஜத்துக்குச் சரி செய்யப்பட்டது. 10 மீட்டரில் வைத்தால் உருவம் மங்கும், கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும். கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும் வசதி கட்டாயம் வேண்டும். அடுத்து, ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் முன்னும் பின்னும் உதைக்கும்; அதற்கென்று செய்யாத ஸ்கோப் உள்ளே கழன்றுவிடும். டரெட் திருகு சோதனையும் உண்டு. 20 கிளிக் மேலே, 20 வலது, 20 கீழே, 20 இடது திருகி, ஒவ்வொரு மூலையிலும் சுட்டுப் பாருங்கள். புறப்பட்ட துளைக்கே திரும்பி வராவிட்டால் திருகில் பேக்லேஷ். விலை எவ்வளவானாலும் வேண்டாம். வேலூர் வெயிலில் திறந்தவெளியில் மடங்கு ஏற ஏறக் கானல்தான் பெரிதாகத் தெரியும்; இலக்கு நெளியும்.

இனி கோட்டுக்கு வருகிறேன். நின்று சுடுகிறவன் முதுகும் இடுப்பும் ஆடாமல் இருக்க, தோலும் கேன்வாஸும் சேர்த்துத் தைத்த கெட்டியான கோட்டு போடுவார்கள். அதன் தடிமன் 2.5 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. ஷூவின் அடி 10 மி.மீ., மேல்தோல் 4 மி.மீ. போட்டிக்கு முன் கேஜ் வைத்து அளப்பார்கள். கூடினால் அந்தக் கோட்டைப் போட முடியாது. இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஷேவிங் மெஷினில் தோலை மில்லிக் கணக்கில் சீவுவதுதானே ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் நம் அப்பா, மாமா, அண்ணன்மார் செய்கிற வேலை? உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கோட்டை ஆயிரமாயிரமாகக் கொடுத்து வாங்க வேண்டுமா? தோல் மட்டும் போதாது, கோட்டு விறைப்பாகவும் இருக்கக்கூடாது என்று விதி உண்டு. அதற்கும் தனி அளவுக் கருவி இருக்கிறது. ஆக இது ஒரு நல்ல பிராஜெக்ட் வேலை.

4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்குள் ஆற்றலும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. இருந்தாலும் பிரின்சிபால் அனுமதியும், பெல்லட்டைப் பிடிக்க இரும்புப் பெட்டியும் இல்லாமல் ஒரு குண்டு கூடச் சுடக்கூடாது. பெட்டியை வெல்டிங் ஷாப்பில் நாமே செய்துவிடலாம். பணம் ரைஃபிளுக்கும் நல்ல டயாப்டருக்கும் போகட்டும். நிதிக் கூட்டத்தில் என் ஓட்டு அதற்குத்தான். ஃபுட்வேர் படிக்கிற தோழர் யாராவது கோட்டுக்கு ஒரு பேட்டர்ன் வெட்டிக்கொண்டு வந்தால், கேஜ் எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.