சில வேளைகளில் கூடமும் கோணல்தான்

‘ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்’ என்ற பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் குறையை மறைக்கக் கருவியின்மீது பழி போடக்கூடாது என்பதே அதன் பொருள். நல்ல அறிவுரைதான். ஆனால், அதையே நம்பிக்கொண்டு நான் இரண்டு மாதம் வீணடித்தேன்.

ஓர் ஒப்படைப்புக்காகப் படக்கதை ஒன்றை வரைந்துகொண்டிருந்தேன். திரைமீதே பேனாவை வைத்து வரையும் டேப்லட் என்னுடையது. திரையின் ஓரங்களில் கோடு நன்றாகவே வந்தது. நடுப்பகுதிக்கு வந்தால் பேனா வழுக்கியது. ஒரு முகத்தின் விளிம்பை ஒரே இழுப்பில் வரைய முயன்றால், தாடைக்கு அருகில் கோடு தடம் மாறிவிடும். அழித்தேன், வரைந்தேன், மறுபடியும் அழித்தேன். கைதான் சரியில்லை என்று முடிவுகட்டி, இரவுதோறும் கோட்டுப் பயிற்சி செய்தேன். பலன் இல்லை. ஓவியம் நமக்கு வராது என்ற எண்ணம் மெல்லத் தலைதூக்கியது. பிறகு, புதிய டேப்லட் வாங்க விடுமுறை வேலைச் சம்பளத்தைக் கணக்குப் பார்க்கத் தொடங்கினேன்.

இறுதியில் சிக்கலைத் தீர்த்தவை ஓர் ஈரத்துணி, ஒரு புதிய நிப், திரைமேல் ஒட்டும் ஒரு புதிய படலம். அவ்வளவுதான்.

கருவியைக் குறைசொல்வது வேறு, கருவியைச் சோதித்துப் பார்ப்பது வேறு. முதலாவது சாக்குப்போக்கு. இரண்டாவது பொறுப்பு. இந்த வேறுபாட்டை நமக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

இதற்குத் தேவையான அறிவியல் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. ஒரு பொருளை நகர்த்தத் தொடங்கத் தேவைப்படும் விசை, அது நகரத் தொடங்கிய பின் தேவைப்படும் விசையைவிடப் பொதுவாக அதிகம். நிலை உராய்வு, இயக்க உராய்வு என்று படிக்கிறோமே, அதுதான். திரையில் ஓரிடம் சொரசொரப்பாகவும் பக்கத்து இடம் வழவழப்பாகவும் இருந்தால், ஒரே கோட்டின் நடுவில் உராய்வு மாறுகிறது. கை பழைய வேகத்திலேயே போகிறது, பேனா திடீரென ஓடிவிடுகிறது. கோடு நெளிவது அதனால்தான்.

மோனா லிசாவை வரைந்த லியோனார்டோ டா வின்சி, 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே உராய்வை ஆராய்ந்து தம் குறிப்பேடுகளில் படங்களுடன் எழுதிவைத்தார். அழுத்தும் விசை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடும் என்பது அவர் கண்ட உண்மைகளில் ஒன்று. அந்தக் குறிப்புகள் வெளியாகாததால், 1699ல் பிரெஞ்சு அறிஞர் அமோன்டோன் அதை மறுபடியும் கண்டறிய வேண்டியிருந்தது. உராய்வைப் பற்றிக் கவலைப்பட்ட முதல் ஓவியர்கள் நாமல்லர்!

சரி, உராய்வு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது? பெரும்பாலும் காரணங்கள் நான்கு. அவற்றை இந்த வரிசையில், ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

முதலாவது, அழுக்கு. விரலின் எண்ணெய்ப் பசையும் வியர்வையும் திரையின் நுண்ணிய மேடுபள்ளங்களை நிரப்பிவிடும். சாதனத்தை அணைத்துவிட்டு, மென்மையான மைக்ரோஃபைபர் துணியைத் தண்ணீரில் லேசாக நனைத்துத் துடையுங்கள். தண்ணீரைத் திரைமீது நேரடியாகத் தெளிக்க வேண்டாம். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் மேற்பூச்சைக் கெடுக்கக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்க்காமல் அவற்றைத் தொடாதீர்கள்.

இரண்டாவது, கை. நம் ஊரின் புழுக்கத்தில் உள்ளங்கை திரையோடு ஒட்டிக்கொள்ளும். கை தடைப்படுவதைப் பேனா தடைப்படுவதாக நாம் தவறாக நினைத்துக்கொள்வோம். உள்ளங்கைக்கு அடியில் ஒரு தாளை வைத்து வரைந்து பாருங்கள். கோடு சீரானால் குற்றவாளி கைதான். மோதிர விரலையும் சுண்டு விரலையும் மட்டும் மூடும் ஓவியக் கையுறை போதும்.

மூன்றாவது, நிப். பிளாஸ்டிக் நிப்பின் உருண்டை முனை தேயத் தேய ஒரு பக்கம் தட்டையாகி, விளிம்பு கூர்மையாகிவிடும். பேனாவைச் சற்றுத் திருப்பிப் பிடித்தாலே உராய்வு மாறும். அந்தக் கூர்விளிம்பு திரையையும் கீறும். பேனாவை மெல்லச் சுழற்றிக்கொண்டே ஒரே இடத்தில் வரைந்து பாருங்கள். சில கோணங்களில் மட்டும் உரசினால், நிப்பை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

நான்காவது, படலம். காகிதம் போன்ற உணர்வைத் தரும் படலங்களில் நாம் அதிகம் வரையும் இடமே முதலில் தேயும். பெரும்பாலோருக்கு அது திரையின் நடுப்பகுதி. சாதனத்தை அணைத்துவிட்டு, கைவிளக்கைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். துடைத்த பிறகும் ஓரிடம் மட்டும் பளபளத்தால், படலம் தேய்ந்துவிட்டது என்று பொருள். தேய்ந்ததை உப்புத்தாளாலோ பற்பசையாலோ தேய்த்துச் சரிசெய்ய முடியாது. நிலைமை இன்னும் மோசமாகும். படலத்தைத்தான் மாற்ற வேண்டும். சில திரைகளில் படலம் இருக்காது, கண்ணாடியே சொரசொரப்பாக்கப்பட்டிருக்கும். அது வழவழத்துவிட்டால், அதன்மேல் ஒரு படலத்தை ஒட்டிக்கொள்ளலாம்.

நான்கையும் ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் எது காரணம் என்று ஒருபோதும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள். மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மெதுவாகக் கோடுகள் இழுங்கள். மாற்றம் தெரிகிறதா என்று பார்த்த பின்னரே அடுத்ததுக்குப் போங்கள். அறிவியல் ஆய்வுக்கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றச் சொல்லிக்கொடுத்தது இதற்காகத்தான்.

பழுதைச் சரிசெய்த பிறகும் என் தரப்பில் ஒரு குறை மிஞ்சியிருந்தது. நான் பேனாவை அளவுக்கு மீறி அழுத்தி வரைந்துகொண்டிருந்தேன். அழுத்தம் கூடினால் உராய்வு கூடும். உராய்வு கூடினால் நிப்பும் படலமும் விரைவில் தேயும். லேசான அழுத்தத்திலேயே தடித்த கோடு விழும்படி பேனாவின் அழுத்த அமைப்பை மென்பொருளில் மாற்றினேன். கை வலியும் குறைந்தது. ஆக, பழமொழியும் முழுக்கப் பொய்யில்லை. கூடமும் கோணலாக இருந்தது, ஆட்டத்திலும் குறை இருந்தது. கூடத்தை நேராக்கிய பிறகுதான் ஆட்டத்தின் குறை என் கண்ணுக்குத் தெரிந்தது.

இங்கே பள்ளிகளிடமும் ஒரு வேண்டுகோள். சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டு இறுதிக்குள் உயர்நிலைப் பள்ளி மாணவர் அனைவர் கைக்கும் சொந்தக் கற்றல் சாதனம் வந்துவிட்டது. மென்பொருளைக் கற்றுத் தருகிறோம், இணையப் பாதுகாப்பைக் கற்றுத் தருகிறோம். கருவியைப் பராமரிக்கக் கற்றுத் தருகிறோமா? தூரிகையைக் கழுவி வைக்கக் கற்றுத்தராத ஓவிய ஆசிரியர் இல்லை. மின்னிலக்கப் பேனாவுக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். ஓவிய இணைப்பாட நடவடிக்கை அறையில் சில மாற்று நிப்களும் சுத்தமான துணிகளும் கொண்ட ஒரு சிறு பெட்டி, மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடச் சோதனை. இதற்குப் பெரிய செலவில்லை.

புதிய சாதனம் வாங்க எல்லாக் குடும்பங்களாலும் முடியாது. வாங்க முடிந்தவர்களும், தேவையின்றி வாங்கினால் ஒரு நல்ல கருவியைக் குப்பையில் சேர்க்கிறார்கள். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. தேய்ந்துபோன ஒரு நிப்பைத் தன் திறமைக்குறைவு என்று நம்பி, ஒரு மாணவர் வரைவதையே நிறுத்திவிடுவதுதான் அது. நான் அந்த எல்லைவரை போய்த் திரும்பியவன்.

இன்று வரையத் தொடங்கும் முன், உங்கள் பேனாவின் முனையை ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.