ஒரு நாளும் பதினான்கு நாள்களும்

ஒரே சாலையில் இருவர் கைதாகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் மலேசியக் குடிமகன். அவரை 24 மணி நேரத்திற்குமேல் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டின் அனுமதி வேண்டும். மற்றவர் குடிநுழைவுச் சட்டத்தின் கீழ் பிடிபட்ட அந்நியத் தொழிலாளி. அவர் மாஜிஸ்திரேட்டைக் காண 14 நாள்கள் வரை ஆகலாம். இந்த வேறுபாடு கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது விதியிலேயே உள்ளது.

மலாக்கா என்றதும் கோட்டையும் தெங்கேரா பள்ளிவாசலும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே மாநிலத்தின் மாச்சாப் உம்பூவில் குடிநுழைவுத் தடுப்பு முகாம் ஒன்று இருப்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

குடிநுழைவுச் சட்டத்தின் 34ஆவது பிரிவு, நாடு கடத்துவதற்குத் தேவையான காலம் வரை ஒருவரைத் தடுத்து வைக்க இடமளிக்கிறது. அது எத்தனை நாள் என்று வரம்பு கூறவில்லை. சிறைக் கைதிக்கு விடுதலை நாள் தெரியும். முகாமில் இருப்பவர் எந்த நாளை எண்ணுவார்?

"சட்டத்தை மீறியவனுக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். மீறியது யார் என்பதுதானே கேள்வி! கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்திருக்கலாம். பெர்மிட்டைப் புதுப்பிக்காமல் விட்டிருக்கலாம். அதை எடுத்துச் சொல்ல ஓர் இடம் வேண்டாமா? ஒப்பந்தக் கூலிகளாகத் தோட்டத்திற்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகளான நமக்கு, முதலாளியின் கையில் வாழ்க்கை சிக்கிக்கொள்வது புதிய கதையன்று.

முகாம்களைப் பற்றிப் பேசியவர்களும் துன்பப்பட்டார்கள். 1995இல் தெனாகானித்தா அமைப்பின் ஐரின் பெர்னாண்டஸ் அங்கு நடந்த கொடுமைகளை அறிக்கையாக வெளியிட்டார். மறு ஆண்டே அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003இல் 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2008இல்தான் உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2019 ஆகஸ்டில் ஐ.நா. அகதிகள் ஆணையத்திற்கும் முகாம்களின் கதவு அடைக்கப்பட்டது.

எல்லைகளைத் திறந்துவிடுங்கள் என்று நாம் கேட்கவில்லை. குடிமகனுக்குள்ள 24 மணி நேர விதி அனைவருக்கும் பொருந்தட்டும். தடுப்புக் காலத்திற்கு வரம்பு வேண்டும்; அதை நீட்டிக்க நீதிமன்றம் அனுமதிக்க வேண்டும். வழக்கறிஞர்களும் சுஹாகாமும் ஐ.நா. அதிகாரிகளும் தடையின்றி உள்ளே செல்ல வேண்டும். சிறுவர்களை முகாமில் அடைக்கவே கூடாது.

குற்றவாளியா இல்லையா என்று கேட்பதற்கு முன்பே ஒருவனைப் பூட்டி வைத்து மறந்துவிடுவது நீதியாகாது. மாணவர்களாகிய நாம் இதை உரக்கச் சொல்வோம்.