சின்ன ஆபரேஷன் என்றால் மயக்கமும் சின்னதா?

"பத்து நிமிஷ வேலைதாங்க. காலையில வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்."

சீழ்க்கட்டியைக் கீறுவது, கர்ப்பப்பையைச் சுத்தம் செய்வது, விலகிய எலும்பை இழுத்து மாவுக்கட்டு போடுவது... எல்லாமே நம் ஊர் பேச்சில் 'சின்ன ஆபரேஷன்'. சரி, கத்தி செய்யும் வேலை சின்னதாகவே இருக்கட்டும். அதற்காகக் கொடுக்கும் மயக்கமும் சின்னது என்று யார் சொன்னது?

மயக்க மருந்து என்றதும் இரண்டு கட்சி கிளம்பிவிடும். "புரோபோபால்தான் நவீனம், கீட்டமைன் எல்லாம் தர்மாஸ்பத்திரி மருந்து" என்பது ஒரு கட்சி. "கீட்டமைன் போட்டால் மூச்சு நிற்காது, அப்புறம் என்ன பயம்?" என்பது எதிர்க்கட்சி. இரண்டுமே பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதுதான் கவலை.

முதலில் புரோபோபால். பால் போல வெள்ளையாக இருக்கும். 1986-ல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. ஊசி ஏறி ஒரு நிமிஷத்துக்குள் தூக்கம் வரும், ஒரு டோஸ் என்றால் ஐந்து பத்து நிமிஷத்தில் தெளியும். வாந்தி குறைவு. அன்றே வீட்டுக்குப் போக வேண்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான மருந்து இல்லை என்றே சொல்லலாம். ஆனால் இது வலியை அடக்காது. ரத்த அழுத்தத்தை இறக்கும். கொஞ்சம் கூடினாலும் மூச்சை நிறுத்தும். முறிக்க மாற்று மருந்தும் கிடையாது. சோயா எண்ணெய் கலந்த திரவம் என்பதால் கிருமி சீக்கிரம் வளரும். காலையில் திறந்த பாட்டிலை சாயங்காலம் வரை ஓட்டுவது சிக்கனம் அல்ல, ஆபத்து.

அடுத்து கீட்டமைன். 1962-ல் உருவானது, 1970-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் இன்றும் இருக்கிறது. வலியை அடக்கும், ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும், பெரும்பாலும் மூச்சையும் விட்டுவைக்கும். 'பெரும்பாலும்' என்பதைக் கவனிக்கவும். வேகமாக ஏற்றினால் இதிலும் மூச்சு நிற்கலாம். எச்சில் ஊறும், வாந்தி வரும், தெளியும்போது சிலர் கெட்ட கனவு கண்டு அலறுவார்கள். போதைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று 2013 டிசம்பரில் இந்திய அரசு இதை ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் சேர்த்துக் கட்டுப்பாட்டை இறுக்கியது. அதனால் மட்டும் கெட்ட மருந்து ஆகிவிடாது.

மிடாசோலம்? பதற்றம் குறையும், நடந்தது மறந்துபோகும், ஆனால் வலி குறையாது. வயதானவர்களுக்குத் தெளிய நேரமாகும். பென்டனில் போன்ற வலி மருந்தோடு சேர்த்தால் மூச்சை நன்றாகவே அமுக்கும். இதை முறிக்க ஃப்ளூமாசெனில் உண்டு. அதன் வேகம் முதலில் தீர்ந்துபோனால் நோயாளி மறுபடி தூங்கிவிடுவார்! புதிதாகப் பேசப்படும் டெக்ஸ்மெடிடோமிடின் மூச்சை அவ்வளவாகத் தொடாது. ஆனால் பத்து நிமிஷம் மெதுவாக ஏற்ற வேண்டும், நாடித்துடிப்பு குறையும், தெளிவதும் மெதுவே. பத்து நிமிஷ வேலைக்கு இது எதற்கு?

ஆக, எல்லாவற்றிலும் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

மைக்கேல் ஜாக்சன் 2009 ஜூன் 25 அன்று இறந்தது புரோபோபாலால். நல்ல மருந்து, பணத்துக்குக் குறைவில்லை, பக்கத்தில் சொந்த டாக்டர். இல்லாதது என்ன? தூக்கத்துக்காக வீட்டில் வைத்து ஏற்றினார்கள், முறையான மானிட்டர் இல்லை, டாக்டர் அறையை விட்டு வெளியே போனார். 2011 நவம்பரில் அந்த டாக்டர் குற்றவாளி என்று தீர்ப்பானது. மருந்து மாறவில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததுதான் கொன்றது.

அதனால் கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்த மருந்து?" அல்ல. "ஆபரேஷன் செய்கிறவரைத் தவிர, மூச்சை மட்டும் பார்க்க ஒரு ஆள் உண்டா?" என்பதே. கத்தியும் ஊசியும் ஒரே கையில் இருக்கக்கூடாது. கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய ஆக்சிமீட்டர்கூட மூச்சு நின்றதை உடனே சொல்லாது, ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் தாமதமாகத்தான் சொல்லும். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்க மனிதக் கண் வேண்டும்.

இரண்டாவது, ஆபரேஷன் முடிந்த பிறகு. வேடசந்தூர் மில்லில் வேலை பார்ப்பவர், நத்தம் மாந்தோப்பில் இருந்து வருபவர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குபவர்... இவர்களெல்லாம் திண்டுக்கல்லில் சிகிச்சை முடித்து பஸ்ஸிலோ டிவிஎஸ் ஃபிஃப்டியிலோதான் ஊர் திரும்ப வேண்டும். "கண்ணைத் திறந்துட்டார், கிளம்பலாம்" என்பது தெளிந்ததற்கு அடையாளமா? கை கால் அசைவு, மூச்சு, ரத்த அழுத்தம், நினைவு, நிறம் என்று ஐந்தைப் பார்த்து பத்துக்கு மார்க் போடும் ஆல்ட்ரெட் முறை 1970-லேயே வந்துவிட்டது. ஒன்பதாவது வாங்கினால்தான் மயக்கம் தெளியும் அறையை விட்டே நகர்த்தலாம். வீட்டுக்கு அனுப்ப அதுவும் போதாது. தள்ளாடாமல் நடக்க வேண்டும், வாந்தியும் வலியும் அடங்க வேண்டும், கூட ஒரு பெரியவர் இருக்க வேண்டும். 24 மணி நேரம் வண்டி ஓட்டக்கூடாது. இதற்கு விலை உயர்ந்த மெஷின் தேவையில்லை. ஒரு நர்ஸ், ஒரு நாற்காலி, ஒரு காகிதம் போதும்!

"மயக்க டாக்டருக்கே பற்றாக்குறை, இதெல்லாம் நடக்குமா?" என்று கேட்பார்கள். பற்றாக்குறை உண்மைதான். அது ஆபரேஷனைத் தள்ளிவைக்கக் காரணம் ஆகலாம், ஆள் இல்லாமல் மயக்கம் கொடுக்கக் காரணம் ஆகாது. 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. இனி இந்த ஊர் இதை எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை.

நோயாளி பக்கமும் ஒரு கடமை உண்டு. வெறும் வயிறு என்றால் வெறும் வயிறு. சாப்பாடு ஆறு மணி நேரம் முன்போடு சரி, தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்போடு சரி. "ஒரு டீயும் பன்னும்தானே" என்பது மயக்கத்தில் வாந்தியாகி நுரையீரலுக்குள் போகும். பால் டீ தண்ணீர்க் கணக்கில் வராது.

அடுத்த முறை யாராவது "சின்ன ஆபரேஷன்தான்" என்று சொன்னால் மருந்தின் பெயரைக் கேட்டுவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். பக்கத்தில் நிற்கப்போவது யார், எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள்.